இரண்டு வினாடி ஒலி

கெலாங் பாத்தா பழைய கடைத்தெருவைக் கடந்து, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிச் செல்லும் கிளைச்சாலையில் அந்தப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரை, வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். பெயர்ப்பலகையின் எழுத்துகளை மழையும் வெயிலும் அழித்துவிட்டன. ஆயினும், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியாக நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வரும் மோட்டார் சைக்கிளோட்டிகள் பலருக்கு அந்த இடம் தெரியும். விடியற்காலை 5 மணிக்குச் சங்கிலி அறுந்து நின்றாலும் பட்டறைக்காரர் கதவைத் திறப்பார் என்பது அவர்களிடையே உள்ள பேச்சு.

ஒரு நாள் பிற்பகலில், இழுவை வண்டியின் முதுகில் ஏறி ஒரு சிவப்பு மகிழுந்து அங்கு வந்து இறங்கியது. இரண்டே கதவுகள்; தாழ்ந்த கூரை; சாலையைத் தொட்டுவிடுவதுபோல் பதுங்கிய முகப்பு. 1992ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்ட ‘ஸ்போர்ட்ஸ் கார்’ அது. ஒரு காலத்தில் இளைஞர்கள் அதன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து ஏங்கினார்கள். இப்போது அதன் சாயம் வெளுத்துவிட்டது. குளிர்சாதனம் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கண்டதும் பட்டறைக்காரரின் முகம் மாறியது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே வண்டியைத் தம் கையால் சரிசெய்து அனுப்பியிருந்தார்.

வண்டிக்கு இப்போதைய உரிமையாளர் முப்பத்தைந்து வயதுள்ள இளைஞர். துவாஸ் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். மகிழுந்து அவருடைய அண்ணனுடையது. அண்ணன் நோயுற்று இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அதை விற்க வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை, குறிப்பாக, அம்மாவுக்கு. விடுமுறை நாள்களில் அதைத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, மீண்டும் கூடாரத்துக்குள் நிறுத்துவது தம்பியின் வழக்கம்.

ஆனால், அந்த வண்டி நினைத்தபோது நின்றது, நினைத்தபோது ஓடியது. சில நாள் எந்தக் குறையும் இல்லாமல் பறக்கும். சில நாள் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், இயந்திரம் உயிர்பெறாது. சில நேரம் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் காரணமின்றித் துள்ளும். அவர் அதற்குமுன் வேறு இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். ஓரிடத்தில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னோரிடத்தில் ஸ்பார்க் பிளக்குகளையும் அவற்றின் வயர்களையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி ஓடியது. ஒவ்வொரு முறையும் சில நாள் கழித்து மீண்டும் நின்றது.

மூன்று வாரங்களுக்கு முன் அது ஒரு கடை வரிசையின் முன்னால், நண்பகல் வெயிலில் நின்றுபோனது. இழுத்துக்கொண்டு வந்தபோது பட்டறைக்காரர் சாவியைத் திருப்பிக் காது கொடுத்தார். பின்னிருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப், சாவியைத் திருப்பியவுடன் இரண்டு வினாடி முனக வேண்டும். இயந்திரத்துக்குத் தேவையான அழுத்தத்தை முன்கூட்டியே உண்டாக்கிவிட்டு அது தானே அடங்கும். அந்த ஒலி கேட்கவில்லை. “பம்ப் போய்விட்டது, தம்பி,” என்றார். புதிய பம்ப் வாங்கிப் பொருத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது, இயந்திரம் முழங்கியது. அவர் 480 ரிங்கிட் பெற்றுக்கொண்டார். இருவருக்கும் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சிதான் சுல்தான் அபு பாக்கார் குடிநுழைவு வளாகத்தின் வரிசையில் நின்றுபோனது. சிங்கப்பூரில் உறவினரைப் பார்த்துவிட்டுத் தம்பியும் அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். வரிசை நகரவில்லை. இயந்திரம் சூடேறுகிறதே என்று தம்பி அதை நிறுத்தி வைத்தார். வரிசை நகர்ந்தபோது இயந்திரம் எழவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. அறிமுகமில்லாத இருவர் இறங்கி வந்து தள்ளி ஓரமாக்கினார்கள். எழுபது வயதைக் கடந்த அம்மா நாற்பது நிமிடம் அந்த வெப்பத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: “அவனே போய்விட்டான், அவன் வண்டி மட்டும் எதற்கு? கொடுத்துவிடு.”

பழைய வண்டிகளை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து விற்கும் ஒருவர் 3,000 ரிங்கிட் தருவதாகச் சொன்னார். மாத இறுதியில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இந்தச் செய்தியைத் தம்பி சொல்லி முடிக்கும்வரை பட்டறைக்காரர் குறுக்கே பேசவில்லை. பிறகு உள்ளே போய், இழுப்பறையைத் திறந்து, 480 ரிங்கிட்டை எண்ணிக் கொண்டுவந்து நீட்டினார்.

“பம்ப் கெட்டுப்போகவில்லை. நான்தான் தவறு செய்தேன். சத்தம் கேட்கவில்லை என்றதும் பம்பைக் குறை சொன்னேன். அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவில்லை. நான் வேலை செய்த இரண்டு மணி நேரத்தில் வண்டி நிழலில் ஆறிவிட்டது. ஆறியதும் அது தானாக ஓடியிருக்கும். பழைய பம்பைப் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்.”

“அண்ணே, பணம் இருக்கட்டும். இனிமேல் இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?” என்றார் தம்பி.

“மாத முடிவுவரை நேரம் இருக்கிறது அல்லவா? நீங்கள் எனக்கு வேறொன்று தர வேண்டும்,” என்று சொல்லி, பட்டறைக்காரர் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

நிரந்தரமாகக் கெட்டுப்போன பொருளைக் கண்டுபிடிப்பது எளிது. எரிந்துபோன ஃபியூஸ் கையில் எடுத்ததும் தெரியும். அறுந்த வயரை மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். விட்டுவிட்டு வரும் குறையோ அப்படிப்பட்டதன்று. பல்வலியால் இரவெல்லாம் துடித்தவன் காலையில் மருத்துவர் நாற்காலியில் அமர்ந்ததும் வலி காணாமல் போவதுபோல, பட்டறைக்குள் நுழைந்ததும் அது ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் எதை மாற்றினாலும் வண்டி ஓடும். கண்ணாடித் துடைப்பானை மாற்றினாலும் ஓடும்! மாற்றியவர் தம் கைவேலையால் சரியானது என்று உண்மையாகவே நம்புவார். வாடிக்கையாளரை ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லாமலே வாடிக்கையாளர் ஏமாறுகிறார். பழைய வண்டிகளுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கரைகிறது.

பட்டறைக்காரரின் அக்காள் மகன் படிவம் 5இல் பயிலும் மாணவன். பள்ளி விட்டதும் பட்டறைக்கு வந்துவிடுவான். அவனுக்கு ஓர் ஐயம். “மாமா, புது வண்டிகளில் கணினியைச் செருகினால் குறை என்னவென்று அதுவே சொல்லிவிடுகிறதே. இதற்கும் செருகிப் பார்த்தால் என்ன?”

கேள்வி நியாயமானதுதான். மகிழுந்துக்குள் மின்சாரம் சிறிது சிறிதாகத்தான் நுழைந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரித் தீப்பொறி முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. 1912இல் அவருடைய மின் ஸ்டார்ட்டர் வந்தபின், வண்டியின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றும் தொல்லை ஒழியத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுவரை நிலைமை பெரிதாக மாறவில்லை. அக்காலத்து ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களில் லூக்கஸ் நிறுவனத்தின் மின்கருவிகள் இருந்தன. மழை பெய்தால் விளக்கு அணைந்துவிடுகிறது என்று கேலி செய்த ஓட்டுநர்கள், அந்நிறுவனத்தை நிறுவியவருக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் சூட்டினார்கள். 1967இல் போஷ் நிறுவனம் மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் கொண்டுவந்தது. அதன் பிறகே இயந்திரத்துக்கு ஒரு மூளை வாய்த்தது எனலாம். எல்லா நிறுவன வண்டிகளிலும் ஒரே வகைக் கருவியைச் செருகிக் குறையைப் படிக்கும் முறை 1996இல்தான் அமெரிக்காவில் கட்டாயமானது. சிவப்பு வண்டி அதற்கு முந்தியது. அதில் இரண்டு முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்தால், முகப்பில் உள்ள எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும். மின்னும் எண்ணிக்கையைக் கொண்டு குறையை அறியலாம்.

பட்டறைக்காரர் அதையும் செய்து காட்டினார். விளக்கு எதையும் சொல்லவில்லை.

“பார்த்தாயா? கணினி தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லும். பம்புக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அதனிடம் கருவி இல்லை. தனக்கே மின்சாரம் வரவில்லை என்றால் அதையும் அது எழுதி வைக்காது. எழுதும் நேரத்தில் அதுவே தூங்கிக்கொண்டிருக்குமே!”

தம்பி பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் போனார். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டது இதுதான்: வண்டியைப் பாலத்துக்குக் கொண்டு போக வேண்டாம், கெலாங் பாத்தாவைச் சுற்றியே ஓட்ட வேண்டும், அது தொல்லை தரும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், வெயிலா மழையா, எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது, மறுபடி ஓட எவ்வளவு நேரமாயிற்று ஆகியவற்றை எழுத வேண்டும். நன்றாக ஓடிய நாள்களையும் எழுத வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். நோயாளி வலிக்காத நாளைப் பற்றி மருத்துவரிடம் சொல்வதில்லை. ஆனால், வலிக்காத நாளில் அவர் என்ன சாப்பிட்டார் என்பதும் மருத்துவருக்குத் தேவை.

இருபத்து நான்கு நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. தொல்லை தந்தது ஒன்பது முறை. பட்டறைக்காரர் படித்துக்கொண்டே வந்தார். ‘பிற்பகல் 1.15. சந்தைக்கு வெளியே வெயிலில் நிறுத்தியது. கிளம்பவில்லை. கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு மச்சானுக்குத் தொலைபேசியில் பேசினேன். 15 நிமிடம் கழித்துக் கிளம்பியது.’ இன்னோர் இடத்தில், ‘கோயிலில் மரத்தடியில் நிறுத்தியது. பிற்பகல் 2 மணி. தொல்லை இல்லை.’ அவருடைய முகம் மலர்ந்தது. வெப்பம்தான் காரணம் என்று அவர் ஏற்கெனவே ஐயுற்றிருந்தார். மச்சானோடு பேசிய பேச்சினால் வண்டி கிளம்பவில்லை. திறந்த கதவுகளின் வழியே வெப்பம் வெளியேறியதால் கிளம்பியது.

அடுத்த பக்கத்தில் மலர்ந்த முகம் சுருங்கியது. ‘காலை 7 மணி. இரவெல்லாம் மழை. கிளம்பவில்லை.’ அதுபோல் இன்னும் இரண்டு. வெப்பம்தான் காரணம் என்றால், குளிர்ந்த காலையில் வண்டி ஏன் அடம்பிடிக்க வேண்டும்? அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு தே தாரிக் குடிக்கப் போய்விட்டார். ஒன்பதில் ஆறு ஒரு பக்கம் இழுக்க, மூன்று மறுபக்கம் இழுத்தால் அந்த எண்ணத்தையே கைவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நேர்மை.

புத்தகத்தை மறுபடி திறந்தவன் மாணவன்தான். அவன் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, காலையில் கிளம்பாத நாள்களில் பின்னால் பம்ப் சத்தம் கேட்டதா?”

“கேட்டது. ஆனால், ஸ்டார்ட்டர்தான் சுற்றவே மாட்டேன் என்றது. விளக்குகூட மங்கிப் போனது.”

“வெயிலில் கிளம்பாதபோது?”

“அப்போது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். பம்ப் சத்தம்தான் கேட்காது.”

மாணவன் அளவுகோலை வைத்துப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தான். ஆறை ஒரு பக்கமும் மூன்றை மறுபக்கமும் எழுதினான். திரும்பி வந்த மாமா அந்தக் கோட்டைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். ஒரு வண்டி, இரண்டு நோய். ஒன்றின் அடையாளம் மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. காரணத்தை அறிந்த பின்பே மருத்துவம் செய்யச் சொல்லும் 948ஆம் குறளைப் பள்ளியில் மனனம் செய்த மாணவனுக்கு, நோயாளியின் உடம்பில் இரண்டு காரணங்கள் குடியிருந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றியது. “ஒவ்வொன்றாகப் பார்,” என்றார் மாமா.

முதலில் காலை நோய். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதில் குறையில்லை. இயந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் வயரை மாணவன் மீட்டரால் சோதித்தான். மின்தடை ஏறக்குறைய சுழியம். “இது நன்றாக இருக்கிறது, மாமா.”

“அப்படியா? இப்போது நான் ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறேன். அந்த நேரத்தில் இயந்திரத்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்.”

முள் 1.4இல் வந்து நின்றது. நல்ல இணைப்பாக இருந்தால் அது 0.2ஐத் தாண்டக்கூடாது. மாணவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம் 1827இல் வெளியிட்ட விதியை அவன் தேர்வுக்காகப் படித்திருக்கிறான். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். மின்தடை சுழியம் என்றால் இந்த 1.4 எங்கிருந்து வந்தது?

பட்டறைக்காரர் பாலத்தைக் கொண்டே விளக்கினார். அதிகாலை 2 மணிக்கு இரண்டாம் இணைப்புப் பாலத்தில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. ஒரு தடம் தவிர மற்ற எல்லாத் தடங்களையும் அடைத்து வைத்திருந்தாலும் அவனுக்குத் தெரியாது; பாலம் நன்றாக இருக்கிறது என்பான். காலை 6 மணிக்கு வந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். மீட்டர் மின்தடையை அளக்கும்போது அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதுதான் அந்தத் தனி மோட்டார் சைக்கிள். ஸ்டார்ட்டரோ நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். நூற்றில் ஒரு பங்கு ஓம் தடைகூட அப்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். சிறிய மீட்டரின் கண்ணுக்கு அது சுழியமாகத்தான் தெரியும்.

எர்த் வயரைக் கழற்றினார்கள். அது மெல்லிய செப்பு இழைகளைப் பின்னிய பட்டை. கடற்காற்றின் உப்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. விரலால் வளைத்தபோது பாதி இழைகள் உதிர்ந்தன. ஈரமும் அதிர்வும் சேர்ந்தபோதெல்லாம் எஞ்சிய இழைகள் சண்டித்தனம் செய்திருக்கின்றன. வேகம் காட்டும் முள் துள்ளியதற்கும் இதுவே காரணம். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி நிலையாக இல்லாவிட்டால், இயந்திரத்தின் உணரிகள் அனுப்பும் அளவுகளும் தடுமாறும். தடித்த புதிய வயருக்கு ஆன செலவு 35 ரிங்கிட்.

வெயில் நோய்க்கு வெயில் வேண்டும். இரண்டு நாள் மேகம் கவிந்திருந்தது. விற்பனைப் பேச்சின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. காலை 11 மணிக்கே சிவப்பு வண்டியை மரநிழலிலிருந்து தள்ளிக்கொண்டுபோய்த் திறந்த வெளியில் நிறுத்தினார்கள். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றினார்கள். பட்டறையில் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருப்பது அரிதான காட்சி. வழியில் போன ஒருவர், “எதற்கு நல்ல வண்டியை வெயிலில் காயப் போடுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிற்பகல் 2 மணி. மாணவன் சாவியைத் திருப்பினான். பம்ப் முனகவில்லை. “நின்றுவிட்டது, மாமா!” என்று அவன் கூவிய கூவலில் தேர்வில் வென்றவனின் களிப்பு இருந்தது.

இனி நேரம் குறைவு; வண்டி ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பட்டறைக்காரர் இம்முறை பம்பைத் தொடவில்லை. பம்புக்குச் செல்லும் வயரில் சோதனை விளக்கை வைத்தார், எரியவில்லை. மின்சாரம் வழியில் எங்கோ நிற்கிறது. ஆற்றில் நீர் வராவிட்டால் கரையோரமாக மேலே நடந்து பார்ப்பதுபோல, அவர் பின்னிருந்து முன்னோக்கி வந்தார். ஃபியூஸில் 12.4 வோல்ட். ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகைக்கு அடியில் உள்ள ரிலேவின் நுழைவாயிலில் 12.3. ரிலேவின் வெளிவாயிலில் சுழியம். திருப்புளியின் பிடியால் அந்தச் சிறு பெட்டியை மெல்லத் தட்டினார். சோதனை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. பம்ப் விக்கியது.

ரிலே என்பது ஒரு வாயிற்காவலன். சிறிய மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் பெரிய மின்னோட்டம் செல்லும் கதவை இழுத்து மூடும். தந்திக் காலத்திலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட கருவி இது. சிவப்பு வண்டியில் பம்புக்கும் கணினிக்கும் இதன் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும். அதைக் கழற்றி, உறையைப் பிரித்து, பலகையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்கள். பளபளவென்று குறையில்லாமல் இருப்பதாகத் தோன்றியது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் அது தெரிந்தது: செப்பு முனை ஒன்றைச் சுற்றி ஈயம் வைத்த இடத்தில், மயிரிழையைவிட மெல்லிய ஒரு வட்டம், முழுவதும் சுற்றி வந்த விரிசல்.

வெயிலில் உலோக முனை விரிகிறது, பலகையும் விரிகிறது, ஆனால், ஒரே அளவில் விரிவதில்லை. இடையில் அகப்பட்ட ஈயம் ஒவ்வொரு நாளும் சிறிது இழுபடுகிறது. இரவில் மீண்டும் சுருங்குகிறது. முப்பது ஆண்டுகளில் எத்தனை பகல், எத்தனை இரவு! ஒருநாள் அது களைத்து வெடிக்கிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், மின்சாரம் கடந்துவிடும். சூடேறினால் கரைகள் விலகும்.

“வளையல் உடைந்திருக்கிறது,” என்றான் மாணவன். மலாயில் ‘கெலாங்’ என்றால் வளையல். ‘பாத்தா’ என்றால் உடைந்தது. ஊரின் பெயரே பட்டறை மேசையில் கிடப்பதைப் பார்த்துப் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

ஜப்பானிலிருந்து வரும் பாதி வெட்டிய வண்டிகளை விற்கும் ‘ஹாஃப் கட்’ கடைக்குப் போனால் வேறொரு ரிலே கிடைக்கும். பட்டறைக்காரர் அதை விரும்பவில்லை. அதற்கும் இதே வயது. இதே போன்ற விரிசல் அதனுள்ளும் தொடங்கியிருக்கலாம். அவர் ஈயக் கம்பியையும் சூட்டுக்கோலையும் எடுத்தார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய ஈயம் வைத்தார். விரிசல் தெரியாத மற்ற முனைகளுக்கும் அவ்வாறே செய்தார். பத்து நிமிட வேலை.

அத்துடன் வண்டியை அனுப்பிவிடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை, ஆறிய வண்டி அவரை ஏமாற்றியிருக்கிறது. வீட்டிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, ரிலேவின்மீது சூடான காற்றைச் செலுத்தினார். பெட்டி கையால் தொட முடியாதபடி கொதித்தது. சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது. மீண்டும் திருப்பினார்; மீண்டும் முனகியது. அடுத்த மூன்று நாளும் வண்டி நண்பகல் வெயிலில் கண்ணாடி ஏற்றிய நிலையில் நின்றது. மாணவன் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே பயிற்சிப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தான். கோட்டின் இரு பக்கமும் புதிதாக எழுத எதுவும் இல்லை.

நான்காம் நாள் தம்பி வந்தார். கூடவே அம்மாவும் வந்தார். விற்கப் போகும் வண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் புறப்பட்டாராம். பட்டறைக்காரர் ஈயம் வைத்ததற்குக் கூலி எதுவும் கேட்கவில்லை. எர்த் வயருக்கு 35 ரிங்கிட் மட்டும் பெற்றுக்கொண்டார். புதிய பம்பைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அது அங்கேயே இருக்கட்டும் என்று கையை அசைத்தார்.

வண்டி வெயிலில் நின்றிருந்தது. உள்ளே அனல். அம்மா தயங்காமல் கதவைத் திறந்து முன்னிருக்கையில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி சாவியைத் திருப்பி, உடனே ஸ்டார்ட்டரைச் சுற்றப் போனார். சன்னலுக்கு வெளியே நின்ற மாணவன் கையை உயர்த்தினான். “அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் கேளுங்கள்.”

பின்னிருக்கையின் அடியிலிருந்து மெல்லிய முனகல் எழுந்து, இரண்டு வினாடியில் அடங்கியது.

“இது என்ன சத்தம்?” என்றார் அம்மா.

“பம்ப் சத்தம், பாட்டி. அது அடங்கிய பிறகு கிளப்பினால் நல்லது.”

அம்மா சிறிது நேரம் முன்கண்ணாடி வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெரியவன் எப்போதும் சாவியைத் திருப்பிவிட்டு இப்படிக் கொஞ்சம் சும்மா இருப்பான். சாமி கும்பிடுகிறான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்,” என்றார்.

தம்பி இயந்திரத்தைக் கிளப்பினார்.